மார்கிரட் முற்றம் கூட்டும் சத்தம்

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்ததும் மார்கிரட் கோயில் சேலையை மாற்றிவிட்டு முதலில் கையில் எடுப்பது விளக்குமாற்றைத்தான். அடுப்பு அதற்குப் பிறகு. குருநகரில் கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிற அந்த வீட்டு முற்றத்தில், பக்கத்து வளவு வேம்பு விடிய விடிய இலை கொட்டிவைத்திருக்கும். "மரம் அவையின்ரை, குப்பை எங்கடை" என்பாள். ஆனால் அதற்காக ஒருநாளும் வேலியடியில் நின்று சண்டை பிடித்ததில்லை. கூட்டுவதில் அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. இரண்டு குட்டை இழுவை, பிறகு ஒரு நீள இழுவை. தையல் மெசினுக்கு முன்னால் குனிந்து குனிந்து வலது தோளில் ஒரு பிடிப்பு விழுந்திருந்தது. அதனால் அந்த நீள இழுவை மட்டும் கொஞ்சம் பிந்தித்தான் வரும்.

இந்தப் பிந்தலை பாரிசிலே ஒருவர் காதில் மாட்டிக் கேட்பார் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால், அவள் விளக்குமாற்றைத் திருப்பிப் பிடித்திருப்பாள்.

அவளுடைய கணவர் பிலிப்பு சக்சபோன் வாசிப்பவர். மீன்பிடிக் குடும்பம்தான், ஆனால் வள்ளத்தில் ஏறினால் சத்தி எடுப்பார். இரண்டு முறை கொண்டுபோய்ப் பார்த்த தகப்பன், இவனைக் கடலுக்குக் கொண்டுபோனால் மீனுக்குத்தான் சாப்பாடு என்று சொல்லி, கோயில் பாண்டுக் குழுவில் கொண்டுபோய் விட்டார். அங்கே கிளாரினெட்டில் தொடங்கி, சக்சபோனுக்கு மாறி, இருபது வயதுக்குள் கொழும்பு ஹோட்டல் ஒன்றில் பறங்கிப் பியானோக்காரர் ஒருவரோடு ஜாஸ் வாசிக்கிற அளவுக்குப் போனார். எண்பத்து மூன்று கலவரத்தில் உடுத்த சேட்டோடும் வாத்தியப் பெட்டியோடும் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினார். அடுத்த வருசம் மார்கிரட்டைக் கட்டினார்.

ஜாஸ் என்றால் என்ன என்று ஒரு தடவை கோயில் பெண்கள் கேட்டபோது மார்கிரட் சொன்ன விளக்கத்தை பிலிப்புவே பிறகு பல இடங்களில் திருப்பிச் சொல்லியிருக்கிறார். "எல்லாரும் ஒரு வீட்டிலையிருந்து வெளிக்கிட்டு, தங்கடை தங்கடை பாட்டிலை ஊர் சுத்திப்போட்டு, சோத்து நேரத்துக்கு வீட்டை வந்து சேருறது. அவ்வளவுதான்."

யாழ்ப்பாணத்தில் அதைக் காசு கொடுத்துக் கேட்க ஆளில்லை. கலியாண வீட்டுக்குப் போனால் ஆடுவதற்குப் பைலா வேண்டும், செத்த வீட்டுக்குப் போனால் மெதுவான நடைப்பாட்டு வேண்டும். ஆகவே பிலிப்புவும் கூட்டாளிகள் மூன்று பேரும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கலியாண வீட்டில் சாப்பாடு முடிந்து, சனம் கை கழுவி, செருப்புத் தேடி வெளிக்கிடுகிற நேரத்தில் மேடையை யாரும் பார்ப்பதில்லை. கதிரை அடுக்குகிற சத்தத்துக்கு நடுவில் அந்த நாலு பேரும் தங்களுக்காக ஜாஸ் வாசிப்பார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'கை கழுவின பிறகு'. "அண்டைக்குக் கை கழுவின பிறகு நல்லா வந்தது" என்று பிலிப்பு சொன்னால், வாசிப்பு நன்றாக அமைந்தது என்று மார்கிரட் எடுத்துக்கொள்வாள். நாலு பேருக்கும் கறுப்பு வெயிஸ்கோட் தைத்துக் கொடுத்தவள் அவள்தான்.

காலப்போக்கில் பேஸ் கிற்றார் வாசித்த எமில்ராஜ் பாரிசுக்குப் போய்ச் சாப்பாட்டுக் கடைச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தான். கீபோட் வாசிக்கிற தம்பிஐயா கரவெட்டியில் தோட்டமும் பசனையுமாக இருந்தார். ட்ரம்ஸ் வாசிக்கிற ஜெரிசன் டவுனில் வர்ணக் கடை வைத்தான். உடுவிலில் கலியாணம் கட்டியிருக்கிற மகள் ஜெனிற்றாதான் நாலு பேருக்கும் வட்ஸ்அப்பில் ஒரு குழு ஆரம்பித்துக் கொடுத்தாள். பெயர் வேறென்ன, 'கை கழுவின பிறகு'. சட்டம் போட்டது எமில்ராஜ். ஞாயிறுதோறும் ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு வாசிப்புப் பதிந்து போட வேண்டும். ஒரே தரம்தான் வாசிக்கலாம். வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது, வீட்டுச் சத்தம் எது விழுந்தாலும் விழட்டும். வாசிப்புக்குப் பின்னால் பழைய மேடைக் கதை ஒன்று சொல்ல வேண்டும். மூன்று ஞாயிறு தொடர்ந்து போடாதவர் 'சபை'. சபைக்கு வாய் கிடையாது, கை தட்ட மட்டும்தான் உரிமை.

இதனால் ஒருவர் வீட்டுச் சத்தம் மற்றவருக்கு அத்துப்படியானது. தம்பிஐயாவின் வாசிப்பில் எங்காவது ஒரு ஆடு கத்தும். எமில்ராஜின் வாசிப்புக்கு அடியில் மேல்வீட்டுக்காரி குதி உயர்ந்த சபாத்தோடு நடப்பாள். "அவ இண்டைக்கு வெளிக்கிடப் பிந்திப்போனா போல" என்று ஜெரிசன் எழுதுவான். பிலிப்பு வீட்டில் மீன்காரனின் ஹோன்.

தை மாதத்தில் ஒரு காலமை, தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த பிலிப்புவின் சேட்டில் தேத்தண்ணீர் ஊற்றியது. "என்ன உது, குழந்தைப்பிள்ளை மாதிரி" என்று துடைக்கப் போன மார்கிரட் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். இடது பக்க வாய் மூலை இறங்கியிருந்தது. கண் மூடவில்லை. ஆஸ்பத்திரியில் முகவாதம் என்றார்கள். பாரிசவாதம் இல்லை, உயிருக்குப் பயமில்லை, மெல்ல மெல்ல மாறும், சிலருக்கு முழுதாக மாறாது என்றார்கள். கன்னத்தை ஊதச் சொல்லி, விசிலடிக்கச் சொல்லி, கண்ணாடிக்கு முன்னால் நின்று சிரிக்கச் சொல்லி ஒரு பிள்ளை பயிற்சி காட்டிக் கொடுத்தாள்.

பிலிப்பு கண்ணாடியைத் திருப்பி வைத்தார். சக்சபோன் பெட்டி அலுமாரிக்கு மேலே ஏறியது. சக்சபோன்காரனுக்கு வாய் மூலை என்பது வள்ளத்துக்கு அடிப்பலகை மாதிரி, அங்கே ஒரு ஓட்டை இருந்தால் மற்றதெல்லாம் சும்மா. ஊதினால் காற்று இடது பக்கத்தால் 'புஸ்' என்று போனது. ஒரு தரம்தான் ஊதிப் பார்த்தார். போனை மார்கிரட்டிடம் கொடுத்தார்.

"ஆரும் கேட்டால் நான் இல்லையெண்டு சொல்லு."

"இல்லையெண்டால்? செத்துப் போனியள் எண்டு சொல்லவோ?"

"விருப்பமெண்டால் சொல்லு."

காலையில் வெந்நீரில் துணி நனைத்து அவருடைய கன்னத்தில் ஒற்றினாள். தேத்தண்ணீருக்கு ஒரு குழாய் வாங்கிவந்து போட்டாள். முதல் நாள் அவர் அதைத் தூக்கி எறிந்தார். இரண்டாம் நாளும் எறிந்தார். மூன்றாம் நாள் தேத்தண்ணீர் நல்லாய் இருந்தபடியால் குடித்தார்.

அந்தக் குழுவில் வருகிறதையெல்லாம் மார்கிரட்தான் தையல் மெசினுக்குப் பக்கத்தில் போனை வைத்துக் கேட்டாள். முகவாதம் என்று கேள்விப்பட்டவுடன் மூன்று பேரும் எடுத்துக் கதைத்தார்கள். பிலிப்பு வாங்கிக் கதைக்கவில்லை. பிறகு அவர்கள் வழமைப்படி வாசித்துப் போட்டார்கள். ஆடிக் கோயில் பெருநாளுக்கு எமில்ராஜ் ஊருக்கு வருகிறான், அந்தச் சனிக்கிழமை டவுனில் ஒரு விருந்தினர் விடுதித் தோட்டத்தில் நாலு பேரும் வாசிக்கக் கேட்டிருக்கிறார்கள், இந்த முறை கை கழுவ முன்னமே ஜாஸ் வாசிக்கலாம் என்று ஜெரிசன் சந்தோசமாகச் சொன்னான். அதற்குப் பதிலாகத் தம்பிஐயா ஒரு குரல் பதிவு போட்டார். மனிசன் நல்ல மனிசன், கெடுதலாகச் சொல்லவில்லை.

"பிலிப்புவுக்கு ஏலாட்டில் கரைச்சல் குடுக்கவேண்டாம். என்ரை கீபோட்டிலை சக்சபோன் சத்தம் ஒண்டு கிடக்கு. பொத்தானை அமத்தினால் சரி."

மார்கிரட் மெசினை நிறுத்தினாள். அந்தப் பதிவை இன்னொரு தரம் போட்டுக் கேட்டாள். பிலிப்பு அறைக்குள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவருடைய இடத்துக்கு ஒரு பொத்தான் வரப்போகிறது என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? சொன்னால், 'நல்லது, அமத்தச் சொல்லு' என்பார். அதோடு அந்தப் பெட்டி அலுமாரிக்கு மேலேயே கிடந்து போகும். அவளுக்கு மனிசனைத் தெரியும்.

அடுத்த நாள் ஞாயிறு. பிலிப்பு ஒன்றும் போடாத மூன்றாவது ஞாயிறு. பூசையால் வந்து, விளக்குமாற்றை எடுத்தவள், உடுப்புத் தோய்க்கிற கல்லில் போனை வைத்து, மகள் காட்டித் தந்த சிவப்புப் பொத்தானைத் தொட்டாள்.

"இது பிலிப்பு வீட்டுச் சத்தம்" என்றாள். "ஆளுக்கு ஏலாட்டிலும் வீடு இருக்கு. ஒருத்தரும் ஒரு பொத்தானும் அமத்தவேண்டாம்."

பிறகு முற்றம் முழுவதையும் கூட்டினாள். வேப்பமிலைக் குவியலைக் காலால் ஒதுக்கிவிட்டு, கதையும் சொல்ல வேண்டுமே என்று நினைவு வந்து, போனுக்குக் கிட்டப் போய் நின்று ஒரு கதை சொன்னாள். புத்தூரில் ஒரு கலியாண வீடு. வாசிப்பு நன்றாக இருந்ததென்று பெண்ணின் தகப்பன் இவர்களுக்கு ஒரு பலாப்பழம் கொடுத்தார். வானில் இடமில்லை. பெரிய ட்ரம் பெட்டிக்குள் ட்ரம்மோடு சேர்த்து வைத்துக் கொண்டுவந்தார்கள். "அடுத்த கிழமை ட்ரம்மிலை சத்தம் வரேல்லை, தோல் பழுதாப் போச்செண்டு நீங்கள் நாலு பேரும் எத்தினை தரம் கதை சொல்லியிருப்பியள்? தோல் பழுதாகேல்லை. பலாப்பால் ஒட்டிப்போய்க் கிடந்தது. கிழமை முழுக்கத் தேங்காயெண்ணெய் போட்டு உரஞ்சி எடுத்தது ஆர்? அந்தக் கதையிலை நான் எங்கையாவது வாறனோ?"

அனுப்பிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். கணவாய் மீன் கழுவி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு போனைப் பார்த்தால் அது துள்ளிக்கொண்டிருந்தது. எமில்ராஜ் சிரித்துச் சிரித்து ஒரு பதிவு. தம்பிஐயா, "தங்கச்சி, நான் அந்தப் பொத்தானைக் கழட்டி எறிஞ்சுபோட்டன்" என்று ஒரு பதிவு. ஜெரிசன் கதையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ட்ரம்மைத் தடியால் அடிக்காமல், சின்ன விளக்குமாறு மாதிரி இருக்கிற கம்பிக் கட்டால் தடவி வாசிப்பது ஜாஸில் ஒரு முறை. அவன் அதால் மார்கிரட்டின் கூட்டலோடு கூடவே வாசித்துப் போட்டிருந்தான்.

"அக்கா, அந்த மூண்டாவது இழுவை பிந்தி வருகுதே. அதை உங்களுக்கு ஆர் சொல்லித் தந்தது? நான் வருசக் கணக்கா முயற்சி பண்ணுறன், வருகுதில்லை."

"தோள்நோ" என்று மார்கிரட் திருப்பிச் சொன்னாள். "உனக்கும் வேணுமெண்டால் வந்து ரெண்டு கவுண் தை."

அன்றிலிருந்து ஞாயிறுகள் அவளுடையவை ஆயின. அம்மி, தையல் மெசின், மழைத் தண்ணீர் வாளியில் விழுவது என்று மாற்றிப் போட்டுப் பார்த்தாள். மற்றவர்களுக்கு முற்றம்தான் வேண்டும். கதைகளுக்குக் குறைவில்லை. மேடையில் நடந்தது அவர்களுக்குத் தெரியும், மேடைக்குப் போக முன்னும் வந்த பின்னும் நடந்ததெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். எந்தக் கலியாணத்துக்கு எவர் கிழிந்த காற்சட்டையை வெயிஸ்கோட்டால் மறைத்துக்கொண்டு வாசித்தார் என்பதுவரை.

பிலிப்புவுக்கு இது தெரியாமல் இல்லை. ஒரு வீட்டில் ஒருத்தி முற்றத்தில் நின்று பலத்துக் கதை சொன்னால் அறைக்குள் கேட்காதா? அவர் கேட்காதவர் போல இருந்தார். ஒரு நாள் மட்டும் சாப்பிடும்போது, "அந்தக் காற்சட்டை என்ரை இல்லை, எமிலின்ரை" என்றார். "தெரியும்" என்று மார்கிரட் சொதியை ஊற்றினாள்.

வைகாசியில் அந்தப் பிழை நடந்தது. அன்று தோய்த்த உடுப்பு கல் முழுக்கக் கிடந்தது. போன் வைக்க வேறு இடம் பார்த்தவள் பின்னறை யன்னல் கட்டில் வைத்தாள். யன்னல் சாத்தியிருந்தது. பிலிப்பு படுத்திருக்கிறார் என்றுதான் நினைத்தாள். கூட்டி, கதை சொல்லி, வழமைபோல் போட்டுக் கேட்காமலே அனுப்பினாள். கேட்டிருந்தால் அனுப்பியிருப்பாளோ என்னவோ. வெட்டக் கூடாதென்பது சட்டமாக இருக்க, கேட்டுத்தான் என்ன?

கொஞ்ச நேரத்தில் பாரிசிலிருந்து எமில்ராஜ் எடுத்தான். கை ஈரமாக இருந்ததால் போனை மேசையில் வைத்துப் பலத்துப் போட்டாள். பிலிப்பு அப்போதுதான் சாப்பிட வந்து இருந்தார்.

"மச்சாள், பின்னாலை ஊதினது ஆர்?"

"ஒருத்தரும் ஊதேல்லையே."

"இல்லை மச்சாள். நான் நாலு தரம் கேட்டுட்டன். விளக்குமாத்துக்குப் பின்னாலை ஒரு சத்தம். மூண்டு நோட். நடுங்கி நடுங்கி வருகுது. என்ரை அப்பனே, அது அவன்ரை சத்தம். எனக்குத் தெரியாதே?"

மார்கிரட் பிலிப்புவைப் பார்த்தாள். அவர் எழும்பி நின்றார். பழைய கோபம் வந்தால் முன்பு முகம் முழுக்கச் சிவக்கும், இப்போது ஒரு பக்கம்தான் கோபப்பட்டது.

அவள் போனை அணைத்தாள்.

"ஆரைக் கேட்டு அனுப்பினனி?"

"நீங்கள் ஆரைக் கேட்டு ஊதினனீங்கள்?"

அவர் திரும்பக் கதிரையில் இருந்தார். எத்தனை நாளாக என்று அவள் கேட்டாள். அவள் கூட்டத் தொடங்கிய பிறகுதான் என்றார். விளக்குமாற்றுச் சத்தத்தில் தன்னுடைய சத்தம் வெளியே கேட்காது என்று நினைத்தாராம். வலது கையால் இடது வாய் மூலையைப் பொத்திப் பிடித்துக்கொண்டால் காற்றுப் போகாது. ஆனால் சக்சபோனுக்கு இரண்டு கை வேண்டும். மிச்சமிருக்கிற இடது கையால் மேலே உள்ள மூன்று நாலு நோட்டைத்தான் அமத்தலாம்.

"கண்டுக்குட்டி கத்துற மாதிரிக் கிடக்கு. உதைப் போய் உலகம் முழுக்க..."

"உலகமில்லை. மூண்டு பேர்."

"அந்த மூண்டு பேருக்குத்தான் கேக்கக் கூடாது" என்றார். சோற்றைத் தின்னாமல் எழும்பி அறைக்குள் போனார். மார்கிரட் அவருடைய சோற்றுக் கோப்பையை இன்னொரு கோப்பையால் மூடி வைத்துவிட்டு, தானும் தின்னாமல் இருந்தாள். தான் செய்தது சரியா பிழையா என்று அவளுக்குத் தெரியவில்லை. மனிசன் இனி அந்தப் பெட்டியைத் தொடாவிட்டால் அது தன்னால்தான் என்பது மட்டும் தெரிந்தது.

பின்னேரம் போனில் ஒரு பதிவு வந்து விழுந்தது. எமில்ராஜின் பெயர். கதை இல்லை, பேச்சு இல்லை. அவள் அதை அறை வாசலில் நின்று போட்டாள், போட்டுவிட்டுத் தள்ளிப் போகவும் இல்லை.

முதலில் அவளுடைய விளக்குமாறு. இரண்டு குட்டை, ஒரு நீளம். அதன் அடியில் எமில்ராஜின் பேஸ், ஆள் நடந்து வருகிற மாதிரி, அவசரமில்லாமல். பிறகு எங்கோ சுவருக்கு அப்பால் அந்த நோட் வந்தது. காலமை அது நடுங்கியிருக்கலாம். இப்போது அது நடுங்குகிற இடத்தில் பேஸ் தாங்கிப் பிடித்தது. இரண்டாவது நோட் எங்கே போகப் போகிறதென்று பேஸ் கிற்றாருக்கு முன்பே தெரிந்திருந்தது. மேல்வீட்டுக்காரியின் குதிச்சபாத்து ஒரு தரம் டக்கென்று விழுந்தது. கடைசியில் மீன்காரனின் ஹோன். எமில்ராஜ் அதையும் வெட்டவில்லை, அந்தச் சுரத்திலேயே பேஸ் கிற்றாரை முடித்திருந்தான்.

பிலிப்பு கட்டிலில் எழும்பி இருந்தார். இடது கண்ணில் வழிகிறதைத் துடைக்கவில்லை, அது முகவாதம் வந்ததிலிருந்து எப்போதும் வழிகிற கண்தான்.

"திரும்பப் போடு" என்றார்.

அதைத் திரும்பப் போட்டாள். மூடி வைத்த சோற்றை இரண்டு பேரும் பின்னேரத் தேத்தண்ணீர் நேரத்தில் தின்றார்கள்.

ஆடிப் பெருநாளுக்கு எமில்ராஜ் வந்தான். விடுதித் தோட்டத்தில் மேடை. விளக்குமாற்றோடு மச்சாளும் மேடைக்கு ஏற வேண்டும் என்று அவன் ஒற்றைக் காலில் நின்றான்.

"என்ரை விளக்குமாறு என்ரை முத்தத்துக்கு" என்றாள் மார்கிரட். "வேணுமெண்டால் ஜெரிசனுக்கு முதுகிலை நாலு போட்டு விடுறன், தாளம் வரும்."

நாலு வெயிஸ்கோட்டையும் விரித்துத் தைத்துக் கொடுத்திருந்தாள், நாலு வயிறும் வளர்ந்திருந்தன. பிலிப்பு கதிரையில் இருந்து, வலது கையால் வாய் மூலையைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் அந்த நாலு நோட்டுக்குள் வாசித்தார். முன்பு போல் ஊர் சுற்றப் போக முடியவில்லை. வீட்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிற அளவுதான். ஆனால் மற்ற மூன்று பேரும் தூரப் போகாமல் அவரைச் சுற்றியே நின்றார்கள். லண்டனிலிருந்து வந்திருந்த ஒரு பிள்ளை, அந்தக் கை வைக்கிறதும் ஒரு ஸ்டைல் என்று நினைத்துப் படம் எடுத்தது. ஒருவரும் கை கழுவ எழும்பவில்லை.

முடிவில் பிலிப்பு ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினார். முகவாதத்துக்குப் பிறகு அவர் நாலு பேர் முன்னால் பேசியது அன்றுதான். விடுதிக்காரருக்கு நன்றி என்றார். ஒலிபெருக்கிப் பிள்ளைக்கு நன்றி என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பக்கத்து வளவு வேம்புக்கும் நன்றி. அது கொட்டினபடியாலைதான்" என்றார். சனத்துக்கு விளங்கவில்லை, பகிடி என்று நினைத்துக் கை தட்டினார்கள். பின்வரிசையில் இருந்த மார்கிரட் சேலைத் தலைப்பில் ஒட்டியிருந்த நூலை எடுப்பவள் போலக் குனிந்துகொண்டாள்.

அடுத்த ஞாயிறு பூசையில் அவள் வழமையை விடக் கூட நேரம் முழங்காலில் இருந்தாள். பயிற்சி காட்டிக் கொடுத்த பிள்ளைக்கு ஒரு அருள் நிறைந்த மரியே. எமில்ராஜுக்கு ஒன்று, அவனுடைய மேல்வீட்டுக்காரிக்கும் ஒன்று. பொத்தானைக் கழற்றி எறிந்த தம்பிஐயா சைவக்காரர்தான், இருந்தாலும் அவருக்கும் ஒன்று. தேத்தண்ணீர் குடிக்கிற குழாயைக் கண்டுபிடித்தவனுக்கு, அவன் யாரோ தெரியாது, ஒன்று. தோள்நோவுக்கும் சொல்ல வேண்டுமோ என்று யோசித்தாள். சொன்னால் மாதா அதை அப்படியே விட்டுவிடக்கூடும் என்று பயந்து சொல்லவில்லை.

ஆவணியில் ஒரு ஞாயிறு. பூசையால் வந்து சேலையை மாற்றிக்கொண்டு வெளியே வந்தவள், முன்னறையில் பிலிப்பு சக்சபோனோடு இருப்பதைக் கண்டாள். பின்னறையில் இல்லை, யன்னலும் சாத்தியில்லை. மேசையில் போன் அவரே வைத்தபடி நிமிர்ந்து நின்றது, சிவப்புப் பொத்தான் எரிந்துகொண்டிருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, மிக மெதுவாக, கீழேயிருந்து ஒரு நோட்டை எடுத்துக்கொண்டிருந்தார். ஓரத்தால் கொஞ்சம் காற்றுப் போனது. ஆனால் நின்றது.

கீழ் நோட் என்பது அவளுக்குக் கேட்டவுடன் விளங்கவில்லை. பிறகுதான் பார்த்தாள். வலது கை முகத்தில் இல்லை. இரண்டு கையும் வாத்தியத்தில் இருந்தன.

கதவுக்குப் பின்னால் சாய்த்திருந்த விளக்குமாற்றை எடுத்தாள்.

"இஞ்சாருங்கோ, முத்தம் கூட்டட்டோ? இல்லாட்டி நீங்கள் முடிக்குமட்டும் நிக்கட்டோ?"

பிலிப்புவின் வாய் சும்மா இல்லை. கண்ணும் திறக்கவில்லை. அந்த நோட்டிலிருந்து அடுத்ததற்கு இறங்கிக்கொண்டிருந்தார்.

மார்கிரட் கொஞ்சம் பார்த்து நின்றாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு விளக்குமாற்றோடு முற்றத்தில் இறங்கினாள்.